400 கோடி செல் அதிகமாம்: கணவர் கேலி செய்கிறார், கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 63 வயது. தமிழ்ப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரருக்கு 68. பொதுப்பணித் துறையில் இருந்தவர். எங்கள் குடும்ப வாட்சாப் குழுவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. பெண்ணைவிட ஆணுக்கு 400 கோடி மூளைச் செல் அதிகமாம். வயது ஏற ஏறத் தினமும் 85,000 செல் செத்துப்போகிறதாம். அதைப் படித்ததிலிருந்து நான் சாவியைத் தேடினால்கூட, "கொடுத்ததே கம்மி, அதையும் தொலைச்சிட்டியா?" என்கிறார். விளையாட்டுதான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் ஒரு பையன் காலைத் தொட்டு, "டீச்சர், ஞாபகம் இருக்கா?" என்றான். எந்த வகுப்பு, எந்த மேசை, கையெழுத்து எப்படி என்பதெல்லாம் வந்தது, பெயர் வரவில்லை. படியிறங்கிக் கார் வரைக்கும் வந்த பிறகுதான் வந்தது. என் அம்மாவுக்கு 78 வயதில் மறதிநோய் வந்தது. எனக்கும் ஆரம்பித்துவிட்டதா? இவரும் சரியில்லைதான், டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார், சொன்னதையே திரும்பக் கேட்கிறார், போன மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வரும் வழியில் ஜூரு திருப்பத்தை விட்டுவிட்டு சிம்பாங் அம்பாட் வரைக்கும் போய்விட்டார். ஆனால் அவர் எப்போதுமே கவனமில்லாத ஆள். தெரிந்தவர் ஒருவர் மூளைச் செல்லை வளர்க்கும் மூலிகை மாத்திரை விற்கிறார், ஒரு டப்பா 180 ரிங்கிட். வாங்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: டீச்சர், முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு மார்க் போட்டுவிடுகிறேன். அந்தச் செய்தியில் இருக்கும் இரண்டு எண்ணும் சரி. வாட்சாப்பில் சுற்றும் மருத்துவச் செய்திகளில் இது அபூர்வம். ஆனால் எண் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? எதை எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள், அதை வைத்து எதுவரை பேசலாம் என்று பார்க்க வேண்டாமா? வழிமுறை காட்டாமல் விடை மட்டும் எழுதுகிற பையனுக்கு நீங்கள் முழு மார்க் போட்டிருக்க மாட்டீர்கள்.

அந்த எண்கள் டென்மார்க்கிலிருந்து வந்தவை. பென்டே பாக்கன்பெர்க், ஹான்ஸ் குண்டர்சன் என்ற இருவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு அது. 20 முதல் 90 வயதுக்குள் இறந்துபோன 94 பேருடைய மூளைகளைப் பார்த்தார்கள். பெண்களுக்குச் சராசரியாக 19 பில்லியன் நியூரான்கள் (சேதி கடத்தும் மூளைச் செல்கள்), ஆண்களுக்கு 23 பில்லியன். வித்தியாசம் 4 பில்லியன், அதாவது தமிழ்நாட்டுக் கணக்கில் 400 கோடி. விழுக்காட்டில் சொன்னால் 16. வயதைப் பொறுத்தவரை, 20-லிருந்து 90-க்குள் ஆண் பெண் இருவருக்குமே சுமார் பத்து விழுக்காடு குறைகிறது. இன்னொன்று, பாக்கன்பெர்க் ஒரு பெண்மணி. ஆணுக்குத்தான் அதிகம் என்று எண்ணிச் சொன்னவரே ஒரு பெண்தான் என்பதை இரவுச் சாப்பாட்டின்போது போகிற போக்கில் சொல்லி வையுங்கள்.

இத்தனை பில்லியனை எப்படி எண்ணினார்கள் என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பதப்படுத்திய மூளையைச் சம இடைவெளி விட்டுத் துண்டு போடுவார்கள். எந்த இடத்தில் முதல் வெட்டு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். ஆராய்ச்சியாளரின் கண்ணுக்குப் பிடித்த இடம் என்று எதுவும் இருக்கக்கூடாது அல்லவா? அந்தத் துண்டுகளிலிருந்து எடுத்த சீவலை நுண்ணோக்கியில் வைத்து, குவியத்தை மேலிருந்து கீழாக மெல்ல இறக்கிக்கொண்டே போவார்கள். குறிப்பிட்ட ஒரு சிறு கட்டத்துக்குள், குறிப்பிட்ட ஆழத்துக்குள் புதிதாகத் தெளிவுக்கு வரும் செல் மட்டும்தான் கணக்கு. கட்டத்தின் இடது கோட்டைத் தொட்டால் சேர்க்கக்கூடாது, வலது கோட்டைத் தொட்டால் சேர்க்கலாம் என்பது மாதிரி விதிகள் உண்டு. ஒரு செல்லை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்கத்தான் இவ்வளவும். மொத்த அளவில் எத்தனையில் ஒரு பங்கைப் பார்த்தோம் என்பது தெரிந்திருப்பதால், பெருக்கினால் முழு எண் வந்துவிடும். நல்ல மாதிரி எடுப்புக் கணக்கு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும்.

இந்த முறை வருவதற்கு முன்னால் நிலைமை வேறு. அமெரிக்காவில் ஹரால்டு பிராடி என்ற உடற்கூறியல் நிபுணர் 1955-ல் வயதானவர்களின் மூளையின் மேல்பகுதியான புறணியில் செல்கள் பெருமளவு குறைந்துவிடுவதாக எழுதினார். "வயசானா மூளை காலி" என்ற பேச்சுக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் பல வருஷம் தீனி போட்டன. அவர்கள் எண்ணியது மொத்தத்தை அல்ல, நெருக்கத்தை. ஒரு சதுரத்துக்குள் எத்தனை செல் என்று. சிக்கல் எங்கே வந்ததென்றால், பதப்படுத்தும்போது மூளை சுருங்குகிறது, அதிலும் இளவயது மூளை முதிய மூளையைவிட அதிகமாகச் சுருங்குகிறது. இதை 1980-களில் ஹெர்பர்ட் ஹாக் என்ற ஜெர்மானியர் காட்டினார். வடகம் காயக் காயச் சுருங்கும், அதில் போட்ட சீரகம் நெருங்கித் தெரியும். அதற்காகச் சீரகம் கூடிவிட்டது என்று சொல்வோமா? இளைஞரின் மூளையில் செல்கள் அதிகமாகத் தெரிந்ததற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம். மொத்தத்தையே எண்ணும் முறை வந்த பிறகு, பெரிய இழப்பாகச் சொல்லப்பட்டது பத்து விழுக்காட்டுக்கு வந்து நின்றது.

அப்புறம், டென்மார்க்கில் எண்ணியது முழு மூளையை அல்ல. நினைப்பு, மொழி, திட்டமிடல் எல்லாம் நடக்கிற பெருமூளையின் மேல்பகுதி, அதாவது புறணி மட்டும்தான். முழு மூளைக்கு எவ்வளவு என்பதை 2009-ல் பிரேசிலில் எண்ணினார்கள். அந்தக் கணக்கோடு எல்லோரும் சேர்த்துச் சொல்லும் பெயர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல், அவரும் பெண்மணிதான். அவர்கள் கையாண்ட வழி கொஞ்சம் துணிச்சலானது. மூளையைச் சீவவில்லை, சோப்புத் தன்மையுள்ள ரசாயனத்தில் அரைத்துக் கரைத்துவிட்டார்கள். செல்லின் சவ்வு கரைந்துபோகும், கரு மட்டும் மிதக்கும். கலக்கிவிட்டு ஒரு சொட்டு எடுத்து, அதில் எத்தனை கரு என்று எண்ணினால் போதும். நியூரானின் கருவில் மட்டும் ஒட்டுகிற சாயம் ஒன்று உண்டு. அதனால் எது நியூரான், எது துணைச் செல் என்று பிரிக்கவும் முடிகிறது. வந்த விடை 86 பில்லியன் நியூரான்கள். 100 பில்லியன் என்று பாடப் புத்தகங்களில் படித்தோமே, அது யாரும் எண்ணிச் சொன்னது அல்ல.

அந்த 86-ல் 69 பில்லியன் இருப்பது பின்மண்டையில் இருக்கிற சிறுமூளையில். புறணியில் சுமார் 16 பில்லியன்தான். டென்மார்க் எண்ணுக்கும் இதற்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது; வழிமுறை வேறு, ஆட்கள் வேறு. பிரேசிலில் பார்த்தது 50 முதல் 71 வயதுக்குள் இருந்த நான்கே நான்கு மூளைகள், நான்கும் ஆண்களுடையவை. ஆகவே முழு மூளையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த 86-ஐ வைத்து யாரும் பேச முடியாது.

சரி, புறணியில் ஆணுக்கு அதிகம் என்பது உண்மைதானே என்று உங்கள் வீட்டுக்காரர் விடமாட்டார். உண்மைதான். அதைப் பூசி மெழுகவும் கூடாது. "ஆண்கள் உயரம், உடம்பு பெரிசு, அதனால்தான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். டென்மார்க் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எண்ணிக்கையைத் தீர்மானித்தவை பாலினமும் வயதும்தான், உடல் அளவு தன்னளவில் எதையும் மாற்றவில்லை என்றார்கள். ஆனால் அதே ஆய்வில் தனித்தனி ஆட்களைப் பாருங்கள். மிகக் குறைந்தவருக்கு 15 பில்லியன் அளவில், மிக அதிகமானவருக்கு 32 பில்லியன். ஒருவருக்கு இன்னொருவரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஆண்-பெண் சராசரிக்கு இடையே 4 பில்லியன், ஆளுக்கு ஆள் 17 பில்லியன் வரை. பெரிய வகுப்பில் பையன்களின் சராசரி உயரம் கூடுதலாக இருக்கலாம். அதற்காக உங்கள் வரிசையில் நின்ற குறிப்பிட்ட பெண்ணைவிடக் குறிப்பிட்ட பையன் உயரம் என்று பார்க்காமலே சொல்வீர்களா? உங்களுக்கும் அவருக்கும் யாருக்கு அதிகம் என்று உயிரோடு இருக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் செல்லை எண்ண முடியாது.

எண்ணிக்கை கூடினால் புத்தி கூடுமா என்பது அடுத்த கேள்வி. பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் ஆண் பெண் சராசரிக்கு இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கேட்ட சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் சோதனைகளில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். ஐன்ஸ்டைன் 76 வயதில் இறந்தபோது அவருடைய மூளையின் எடை 1,230 கிராம், சராசரி ஆணைவிடக் குறைவு. ஆப்பிரிக்க யானைக்கு மொத்தம் 257 பில்லியன் நியூரான்கள். நம்மைப்போல் மூன்று மடங்கு. அதில் பெரும்பகுதி சிறுமூளையில்தானே என்பார் அவர், சரி. பைலட் திமிங்கிலத்துக்குப் புறணியிலேயே 37 பில்லியன். எண்ணிக்கைதான் புத்தி என்றால், குடும்ப வாட்சாப் குழுவுக்கு அட்மினாகத் திமிங்கிலத்தைத்தான் போட வேண்டும்.

ஒரு சின்னத் திருப்தி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். வாசனையை முதலில் வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதி ஒன்று மூக்குக்கு மேலே இருக்கிறது. அதை 2014-ல் பிரேசிலில் எண்ணியபோது பெண்களுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் செல்கள் அதிகமாக இருந்தன. அடுப்பில் பால் அடிப்பிடிப்பது உங்கள் வீட்டில் யாருக்கு முதலில் தெரிகிறது? அதற்குக் காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அவர் 400 கோடியை வைத்து விளையாடுகிற அளவுக்கு நீங்கள் இதை வைத்து விளையாடலாம்.

இப்போது அந்த 85,000. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஏறத்தாழ விநாடிக்கு ஒரு செல். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். 20 வயதிலிருந்து 63 வரை 43 வருஷம், 15,700 நாள். பெருக்கினால் 1.3 பில்லியன் சொச்சம். 19 பில்லியனில் அது நூற்றுக்கு ஏழு. மீதி 93 அங்கேயே இருக்கிறது. இன்னொரு விஷயம்: யாரும் ஒருவருடைய மூளையை 20 வயதில் ஒரு தடவை, 90 வயதில் ஒரு தடவை எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. வேறு வேறு வயதில் இறந்த வேறு வேறு ஆட்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த 90 வயதுக்காரர்கள் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். குழந்தையில் அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு, வந்த நோய்கள் எல்லாம் வேறு. அந்தப் பத்து விழுக்காட்டில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு தலைமுறையின் வேலை என்று பிரிப்பது சுலபமில்லை.

வயதோடு நிஜமாகவே நிறையக் குறைவது செல் இல்லை. செல்லையும் செல்லையும் இணைக்கும் நார். மூளையின் வெள்ளைப் பகுதியில் மையலின் உறை போட்ட நரம்பு நார்களை நீட்டி அளந்தால், 20 வயது ஆணுக்கு 176,000 கிலோமீட்டர், பெண்ணுக்கு 149,000. இதையும் அதே டென்மார்க் குழு 2003-ல் அளந்தது. 80 வயதில் அது ஆணுக்கு 97,000-க்கும் பெண்ணுக்கு 82,000-க்கும் வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட 45 விழுக்காடு இழப்பு, இரு பாலாருக்கும் ஒரே விகிதம். அந்த உறையைச் சுற்றிவிடும் துணைச் செல்களும் வயதோடு கால் பங்குக்கு மேல் குறைகின்றன. உறை இருந்தால்தான் சேதி வேகமாக ஓடும். தண்ணீர்மலையில் உங்களுக்கு நடந்ததை இங்கே வைத்துப் பாருங்கள். பையனின் வகுப்பு, மேசை, கையெழுத்து எல்லாம் வந்திருக்கிறது. பெயரும் வந்தது, கார் வரைக்கும் நேரம் எடுத்துக்கொண்டு வந்தது. பதிந்தது பதிந்தபடி இருக்கிறது, எடுத்துத் தருவதில்தான் தாமதம். 63 வயதில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து போயிருப்பார்கள்! போதாததற்கு அந்தப் பையனுக்கு இப்போது மீசையும் தொப்பையும் வந்திருக்கும்.

(குடித்தால் மூளைச் செல் செத்துவிடும் என்பார்களே, அதையும் அதே ஊரில் எண்ணிப் பார்த்தார்கள். நெடுநாள் குடியர்களின் புறணியில் நியூரான் எண்ணிக்கை குறையவில்லை; வெள்ளைப் பகுதிதான் கரைந்திருந்தது. இதை உங்கள் வீட்டுக்காரர் முதல் பாதியோடு நிறுத்திக் குழுவில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் அம்மாவுக்கு வந்தது வேறு கதை. அது எல்லோருக்கும் நடக்கும் இந்த மெதுவான தேய்மானத்தின் நீட்சி இல்லை. அல்சைமர் நோயில் செல்கள் பரவலாக விநாடிக்கு ஒன்று என்று சாவதில்லை. குறிப்பிட்ட சில இடங்களில் மொத்தமாகச் சாகின்றன. காதுக்கு நேர் உள்ளே, பொட்டு மடலின் உட்பக்கத்தில் எண்டோரைனல் புறணி என்று ஒரு சின்ன இடம். புது அனுபவம் நினைவாகப் பதிய இந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். 1996-ல் வந்த ஓர் ஆய்வில், நினைவு நன்றாக இருந்தவர்களுக்கு 60 முதல் 90 வயது வரை இங்கே நியூரான் எண்ணிக்கை மாறவே இல்லை. நோய் மிக ஆரம்ப நிலையில், வீட்டார் "கொஞ்சம் மறதி" என்று மட்டும் சொல்லும் கட்டத்தில் இருந்தவர்களுக்கோ இதன் இரண்டாம் அடுக்கில் 60 விழுக்காடு ஏற்கெனவே போயிருந்தது. முற்றிய நிலையில் 90 விழுக்காடு. இங்கே மொத்த இருப்பே சில மில்லியன்தான். 400 கோடியைப் பற்றிய சண்டையில் இந்த இடம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் உங்கள் அம்மா காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்ததற்கு இந்த மாதிரி இடங்களில் நடந்த சேதம்தான் காரணமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வருமா? வாய்ப்பு கொஞ்சம் கூடும். நிச்சயம் என்று சொல்லும்படி இல்லை, அதுவும் 78 வயதில் தொடங்கியிருப்பதால். அல்சைமர் நோயாளிகளில் மூன்றில் இருவர் பெண்கள் என்பது உண்மை. அதற்கும் புறணியில் செல் குறைவாக இருப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். பெரிய காரணம், பெண்கள் அதிக வருஷம் வாழ்கிறார்கள். நம் நாட்டிலேயே ஆண்களைவிடச் சுமார் ஐந்து ஆண்டு கூடுதல். வயதுதான் இந்த நோய்க்கு முதல் காரணம். 2018-ல் நம் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று தெரிந்தது. அதாவது 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு இல்லை.

இப்போது நீங்கள் கடிதத்தின் நடுவில், "ஆனால் அவர் எப்போதுமே கவனமில்லாத ஆள்" என்று சொல்லித் தாண்டிப்போன வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோது என் கவலை உங்களைப் பற்றியது அல்ல. மறதியைப் பற்றித் தானே வந்து முறையிடுகிறவரைவிட, வீட்டார் கூட்டிக்கொண்டு வருகிறவரை நாங்கள் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். பெயர் தாமதமாக வருவது ஒன்று. பல வருஷமாக ஓட்டுகிற சாலையில் திருப்பத்தை ஒரே மாதத்தில் இரண்டு தடவை விடுவது வேறு. பயப்படச் சொல்லவில்லை. பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டிலேயே நீங்கள் கவனிக்க வேண்டியது இது. அவர் ஒரு விஷயத்தைத் திரும்பக் கேட்கும்போது எப்படிக் கேட்கிறார்? "என்ன சொன்னே? சரியா சொல்லு" என்று கேட்கிறாரா, அல்லது முன்னால் கேட்டதே இல்லை என்பதுபோல் முதலிலிருந்து கேட்கிறாரா? முதலாவது என்றால் காதில் விழவில்லை. டிவி சத்தத்தோடு அது ஒத்துப்போகிறது. இரண்டாவது என்றால் பதியவில்லை. அதேபோல் ஜூருவைத் தாண்டியபோது, "அட, விட்டுட்டேன்" என்று உடனே சொன்னாரா, அல்லது நீங்கள் சொல்லும்வரை தெரியவே இல்லையா? சிம்பாங் அம்பாட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழி அவருக்கே தெரிந்ததா, நீங்கள் சொல்லச் சொல்ல வந்தாரா? பில் கட்டுவது, மருந்து போடுவது, ஏ.டி.எம். எண் எல்லாம் போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கிறதா? இவற்றைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அந்தத் தாள் ஸ்கேனைவிட உதவும்.

காது விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மறதிநோயைத் தள்ளிப்போட அல்லது தடுக்க நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் பட்டியல் போட்டது. அவற்றை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உலகில் 45 விழுக்காடு நோயாளிகள் குறையலாம் அல்லது தாமதமாகலாம் என்பது அவர்கள் கணக்கு. நடுவயதில் காது கேட்காமை அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. கெட்ட கொழுப்பும் பார்வைக் குறைவும் புதிதாகச் சேர்ந்தவை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, உடற்பயிற்சி இல்லாமை எல்லாம் உண்டு. நமக்கு அதில் சர்க்கரைதான் பெரிய விஷயம். 2023 கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களின் விகிதம் அதைவிட அதிகம். மெல்லிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரையும் அழுத்தமும் கெடுத்தால் முதலில் அடிபடுவது முன்னே சொன்ன அந்த வெள்ளைப் பகுதிதான். காது கேட்கும் கருவி வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் ஆண்களை நிறையப் பார்க்கிறேன். கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை, இதற்கு மட்டும் ஏனோ.

அந்த 180 ரிங்கிட் மாத்திரை வேண்டாம். புறணி நியூரான்கள் பிறந்த பிறகு புதிதாக உண்டாவதில்லை. இதை நிரூபித்த விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. செல் உண்டாகும்போது அந்த வருஷத்துக் காற்றின் அளவு அதன் மரபணுவில் முத்திரையாக நின்றுவிடும். சுவீடனில் யோனாஸ் ஃப்ரிசனின் குழு அதை அளந்து பார்த்து, புறணி நியூரானின் வயதும் ஆளின் வயதும் ஒன்றே என்று 2006-ல் காட்டியது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற இடத்திலோ ஒரு பக்கத்துக்குத் தினமும் 700 புது நியூரான் உண்டாவதாக 2013-ல் அதே நாட்டிலிருந்து வந்தது. 2018-ல் இன்னொரு குழு, பெரியவர்களில் தேடினோம், கிடைக்கவில்லை என்றது. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயத்தை டப்பாவில் அடைத்து விற்கிறார் உங்கள் தெரிந்தவர்.

"எம்.ஏ.எல். எண் இருக்கிறதே, அரசாங்கம் பதிந்த மருந்து" என்பார். பாரம்பரிய மருந்துக்கு அந்தப் பதிவு தருவது தரமும் பாதுகாப்பும் பார்த்ததற்கான அடையாளம். சொன்ன நோய் குணமாகும் என்பதற்கான சான்று அது அல்ல. எண்ணே இல்லாத டப்பா என்றால் கையால்கூடத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. சாப்பிட்டதும் தெம்பாக இருக்கும், சர்க்கரை ஏறும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் வட்டார அரசு கிளினிக்குக்குப் போங்கள். அரசு ஓய்வூதியர்கள் என்பதால் செலவு இருக்காது. "உனக்குத்தான் மறதி, உன்னைக் காட்டு" என்று அவர் சொல்வார். சரி என்று சொல்லுங்கள். "நான் காட்டுகிறேன், துணைக்கு வாங்க, வந்த இடத்தில் நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் பெரும்பாலான கணவர்கள் வந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தை அவர் படித்தாலும் பரவாயில்லை. ஐயா, திமிங்கிலத்தைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கிளம்புங்கள்.

அங்கே தேதி, இடம் கேட்பார்கள், மூன்று சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் அவர் காதில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியே காதில் விழாதவருக்கு மார்க் குறைந்தால் அது மறதி அல்ல. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, பி12 நான்கும் பார்க்கச் சொல்லுங்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். அது குறைந்தாலே மறதி வரலாம், ஊசி போட்டால் தேறலாம். மருந்துகளைப் பெயர் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அலமாரியில் இருப்பதை ஒரு பையில் அப்படியே கொட்டிக்கொண்டு போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிப் போடுகிற, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் சில வயதானவர்களின் நினைவைக் குழப்பும். அவருக்கு அப்படி ஏதும் பழக்கம் இருந்தால் அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தாலும் தீரும். சோதனையில் சந்தேகம் இருந்தால் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

அதுவரை ஜூரு பக்கம் போகும்போது காரை நீங்கள் ஓட்டுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவும், அந்தத் தாளில் நீங்கள் குறித்து வைத்ததும் கைக்கு வந்த பிறகு இன்னொரு கடிதம் எழுதுங்கள். பி12 எண்ணை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.